‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலும் பித்துப் பிடித்த காதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் வாசிப்புக் குழு எமிலி புரோண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை எடுத்துக்கொண்டதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தொடக்கக் கல்லூரியில் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள் கேட்கிறார்கள். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நேராக வந்து சேரும் தம்பிகள் கேட்கிறார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கதையின் முடிவு வரை இதில் வந்துவிடும். அது தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் முதலில் நாவலை முடித்துவிடுங்கள்.

அக்கா, கதையைச் சுருக்கமா சொல்லுங்களேன். ஆளுங்க பேரே குழப்பமா இருக்கு.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷரில், காற்று ஓயாமல் அடிக்கும் வெட்டவெளியில் இரண்டு வீடுகள். மேட்டில் இருப்பது வுதரிங் ஹைட்ஸ், எர்ன்ஷா குடும்பத்துடையது. நாலு மைல் தள்ளி, பள்ளத்தில் இருப்பது திரஷ்கிராஸ் கிரேஞ்ச், வசதியான லின்டன் குடும்பத்துடையது. லிவர்பூலுக்குப் போன பெரியவர் எர்ன்ஷா, அங்கே தெருவில் பசியோடு கிடந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஹீத்கிளிஃப் என்று பெயர் வைக்கிறார். அவருடைய மகள் கேத்தரினும் அந்தப் பையனும் ஒட்டிக்கொள்கிறார்கள். மகன் ஹிண்ட்லிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அப்பா கண்ணை மூடியதும் ஹிண்ட்லி அவனைப் பண்ணையாள் ஆக்கிவிடுகிறான்.

கேத்தரின், எட்கர் லின்டனைக் கட்டிக்கொள்ள முடிவெடுக்கிறாள். ஹீத்கிளிஃப் வீட்டைவிட்டு ஓடிப்போய், மூன்று வருடம் கழித்துக் கையில் காசோடு திரும்புகிறான். எட்கரின் தங்கை இசபெல்லாவை அழைத்துக்கொண்டு போய்க் கட்டிக்கொள்கிறான். கேத்தரின் ஒரு பெண் குழந்தையைப் பெற்ற கையோடு இறந்துபோகிறாள். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் இரண்டு குடும்பங்களையும் அவன் பழிவாங்குகிறான்.

அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைகள்: கேத்தரின்–எட்கர் மகள், ஹிண்ட்லியின் மகன் ஹேர்டன், ஹீத்கிளிஃப்–இசபெல்லா மகன் லின்டன். கேத்தரினின் மகளுக்கும் கேத்தரின் என்றே பெயர். இங்கே அவளைக் கேத்தி என்று எழுதுகிறேன். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இது எப்ப எழுதின நாவல்? எழுதினவங்க காதலிச்சு ஏமாந்தவங்களா?

1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. எமிலி, ஹாவர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகள். இந்த ஒரு நாவல்தான் எழுதினார். மறு வருடம், 1848 டிசம்பர் 19 அன்று, 30 வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் காதலன் யாரும் இருந்ததாக ஆதாரம் கிடையாது.

ஆனால் பித்துப் பிடித்த காதல் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவர் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தார். அண்ணன் பிரான்வெல், தான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன வீட்டு எஜமானியின் மேல் உயிரை வைத்தார். 1845இல் வேலை போனது. அந்த அம்மாளின் கணவர் இறந்த பிறகும் அவர் பிரான்வெலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடியிலும் அபினிலும் விழுந்த பிரான்வெல் 1848 செப்டம்பரில் இறந்தார். அவர் அப்படிக் கரைந்துகொண்டிருந்த காலத்தில்தான், அதே வீட்டில் இருந்துகொண்டு, எமிலி இந்த நாவலை எழுதினார்.

இதை உலகத்திலேயே பெரிய காதல் கதைன்னு சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் பித்துன்னு சொல்றீங்க?

காதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. திட்டுக்கும் அடிக்கும் தப்பித்து இரண்டு பிள்ளைகள் நாள் முழுக்க வெட்டவெளியில் சுற்றித் திரிந்த அந்த நேசம் நிஜம். ஆனால் நாவலில் 34 அத்தியாயங்கள் இருக்கின்றன. கேத்தரின் 16ஆம் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள். மீதிப் பாதி முழுக்க, அவளை இழந்தவன் உயிரோடு இருப்பவர்களை என்ன பாடு படுத்துகிறான் என்பதுதான். அந்தக் காதலோடு சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில் எல்லாம் விடிகிறது. எமிலி பாதிப் புத்தகத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறார் என்றால், நாமும் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பித்து ஆரம்பத்திலேயே தெரிகிறது. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விஷயம் வரும். ஜன்னலுக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஹீத்கிளிஃப் அதைக் காட்டுகிறான். லின்டன் வீட்டாரோடு கேத்தரின் கழித்த சாயங்காலங்களுக்குச் சிலுவைக் குறி, தன்னோடு கழித்த சாயங்காலங்களுக்குப் புள்ளி. ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருக்கிறான். அவனுக்கு அப்போது பதினாறு வயது இருக்கலாம். இன்றைக்கு ஒருவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று இரவெல்லாம் போனைத் திறந்து திறந்து பார்க்கும் பிள்ளைகள், இந்தப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள்.

கேத்தரின் நிஜமாவே அவனைக் காதலிச்சிருந்தா, ஏன் எட்கரைக் கட்டிக்கிட்டா? காசுக்குத்தானே?

காசும் அந்தஸ்தும் ஒரு காரணம். அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் வேலைக்காரி நெல்லி டீனிடம் மனம் திறந்து பேசுகிறாள்: இப்போது இருக்கிற நிலையில் ஹீத்கிளிஃபைக் கட்டினால் எனக்குத்தான் கேவலம். இருட்டில் உட்கார்ந்திருந்த ஹீத்கிளிஃப் இதுவரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அப்புறம் அவள் சொல்வது எதுவும் அவன் காதில் விழவில்லை. எட்கர் மேல் உள்ள அன்பு காட்டு மரத்தின் இலை மாதிரி மாறக்கூடியது, ஹீத்கிளிஃப் மேல் உள்ளது அடியில் கிடக்கும் பாறை மாதிரி என்கிறாள். ‘நானே ஹீத்கிளிஃப்’ என்கிறாள்.

இந்த வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இது பயத்தைத் தருகிறது. அவனைத் தனியான ஓர் ஆளாக அவள் பார்க்கவே இல்லை. அதனால்தான் எட்கரைக் கட்டிக்கொண்டு, அவன் காசில் ஹீத்கிளிஃபை முன்னேற்றி, ஹிண்ட்லி கையிலிருந்து மீட்டுவிடலாம் என்று திட்டம் போட முடிகிறது. அவனுக்கு அது வலிக்குமே என்பதோ, எட்கருக்கு அது எப்படி இருக்கும் என்பதோ அவள் நினைப்பிலேயே இல்லை. பித்து அவன் ஒருவனுக்கு மட்டும் பிடித்தது என்று படித்தால் நாவல் பாதிதான் புரியும்.

அந்த நெல்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் சரியா போயிருக்குமே. அவதான் உண்மையான வில்லி, இல்லையா?

ஹீத்கிளிஃப் கேட்டுக்கொண்டிருப்பதும் எழுந்து போவதும் நெல்லிக்குத் தெரியும். கேத்தரின் பேசி முடித்த பிறகுதான் சொல்கிறாள். பின்னால் கேத்தரின் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும்போதும், சும்மா நடிக்கிறாள் என்று நினைத்து எட்கரிடம் சொல்லாமல் விடுகிறாள். முழுக் கதையும் அவள் வாயால் வருவதால் தன் தப்புகளை மெல்லக் கடந்து போகிறாள் என்பதும் சரிதான்.

அதற்காக அவளை வில்லி என்று சொல்ல மாட்டேன். எஜமானர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் வீட்டில் சம்பளத்துக்கு இருந்தவள் அவள். பெரியவர்கள் செய்த அநியாயத்துக்கு வீட்டு வேலைக்காரியைக் கைகாட்டுவது ரொம்பச் சுலபம். அந்தப் பழக்கம் நமக்கும் உண்டு.

இசபெல்லா தானே விரும்பிப் போனா. தானா தேடிக்கிட்டதுக்கு நாம ஏன் பரிதாபப்படணும்?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் பெண் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள். கேட்கிற குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குப் படும். இசபெல்லாவுக்கு அப்போது பதினெட்டு வயது. கேத்தரினே அவளிடம் நேருக்கு நேர் எச்சரிக்கிறாள்: அவன் முரடன், ஓநாய் மாதிரி, உன்னைப் பிடித்துக் கட்டிக்கொள்வதே சொத்துக்காகத்தான் இருக்கும். அவள் கேட்கவில்லை. வீட்டைவிட்டுப் போகிற ராத்திரி அவளுடைய நாய்க்குட்டியைக் கைக்குட்டையால் தோட்டத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நல்ல வேளையாக நெல்லி பார்த்து அவிழ்த்துவிடுகிறாள். தொங்கவிட்டவன் ஹீத்கிளிஃப். தன்னைக் கதைப் புத்தகத்து நாயகனாக நினைத்துக்கொண்டு இவள் வந்தாள் என்று 14ஆம் அத்தியாயத்தில் அவள் எதிரிலேயே நெல்லியிடம் ஏளனமாகச் சொல்கிறான்.

13ஆம் அத்தியாயம் முக்கால்வாசி அவள் எழுதிய கடிதம். தான் கட்டிக்கொண்டது மனிதனையா, பைத்தியத்தையா, பிசாசையா என்று கேட்கிறாள். 17ஆம் அத்தியாயத்தில் அங்கிருந்து தப்பி ஓடி வருகிறாள். வெளியே பனி. காலில் மெல்லிய செருப்பு, உடம்பில் நனைந்து ஒட்டிய பட்டுச் சட்டை, அவன் எறிந்த கத்தியால் காதுக்குக் கீழே ஆழமான வெட்டு. உட்கார்ந்ததும் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, கனல் கிளறும் இரும்புக் கம்பியால் அடித்து நசுக்கி நெருப்பில் தள்ளுகிறாள். அந்த வயதுப் பெண்ணிடம் அந்தக் காலத்தில் அவ்வளவு தைரியம் இருந்திருக்கிறது.

அவளை ஏமாளி என்று தள்ளிவிடுபவர்கள் அவள் அண்ணன் செய்ததையும் பார்க்க வேண்டும். எட்கர் நல்லவன், மென்மையானவன். ஆனால் தங்கை ஓடிப்போன மறுநிமிடமே இனி அவள் பெயரளவில்தான் தங்கை என்று சொல்லிவிடுகிறான். திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவள் இன்னும் முன்னாலேயே வந்திருப்பாள். ‘தானா தேடிக்கிட்டது’ என்று நாம் சொல்லும்போது நம் வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அனாதையா வந்தவன் கைக்கு ரெண்டு வீடும் எப்படிப் போச்சு? அது மட்டும் புரியவே இல்ல.

வுதரிங் ஹைட்ஸ் கடனில் போனது. மனைவி இறந்த பிறகு ஹிண்ட்லி குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்தான். திரும்பி வந்த ஹீத்கிளிஃப் அவனோடு சீட்டாடினான், காசு கொடுத்தான். நிலம் முழுக்க அடமானத்துக்கு வந்தது. ஹிண்ட்லி செத்ததும் கடன் கொடுத்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான். வாரிசாக இருந்திருக்க வேண்டிய ஹேர்டன், சொந்த வீட்டிலேயே கூலி இல்லாத வேலையாள் ஆனான்.

கிரேஞ்ச் விஷயம் இன்னும் கொடுமை. எட்கருக்கு மகன் இல்லாததால், நிலம் இசபெல்லா வழியாக அவள் மகன் லின்டனுக்குப் போகும்படி பழைய ஏற்பாடு இருந்தது. லின்டன் நோயாளிப் பையன், நாளை எண்ணிக்கொண்டிருந்தவன். அவன் சாவதற்குள் கேத்தியை அவனுக்குக் கட்டிவைத்துவிட வேண்டும் என்று ஹீத்கிளிஃப் அவசரப்படுகிறான். அங்கே எட்கர் சாகக் கிடக்கிறார். இங்கே பதினேழு வயது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, கன்னத்தில் மாறி மாறி அறைந்து, கல்யாணத்தை முடிக்கிறான். அன்றைய சட்டப்படி மனைவியின் அசையும் சொத்தெல்லாம் கணவனுக்கு. அதை லின்டனை மிரட்டித் தன் பெயருக்கு உயில் எழுதி வாங்கிக்கொள்கிறான். சொத்தைப் பாதுகாப்பாக எழுதி வைக்க எட்கர் வக்கீலுக்கு ஆளனுப்புகிறார். அந்த வக்கீலையும் ஹீத்கிளிஃப் விலைக்கு வாங்கிவிட்டான், அதனால் நேரத்துக்கு வரவில்லை.

இதில் எமிலி சட்டத்தை எவ்வளவு துல்லியமாகக் கையாண்டிருக்கிறார் என்று சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் ஒரு கட்டுரையே எழுதினார். மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டங்கள் இங்கிலாந்தில் 1870இலும் 1882இலும்தான் வந்தன. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. ஹீத்கிளிஃபின் வெறிக்குச் சட்டமே ஆயுதமாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஹேர்டன் சின்னப் பையன். அவன் மேல என்ன கோபம்?

அவன் ஹிண்ட்லியின் மகன், அவ்வளவுதான். ஹிண்ட்லியை அடக்கம் செய்த அன்று ஹீத்கிளிஃப் அந்தக் குழந்தையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி, ஒரே காற்று வளைத்தால் இந்த மரமும் அந்த மரம் மாதிரியே கோணலாக வளர்கிறதா பார்ப்போம் என்கிறான். படிப்பு கிடையாது, மரியாதை கிடையாது. தனக்கு ஹிண்ட்லி செய்ததை வரி விடாமல் ஹிண்ட்லியின் மகனுக்குச் செய்கிறான். ஆனால் ஹேர்டனோ, அவனையே அப்பாவாக நினைத்து வளர்கிறான். அவனைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் பொறுக்க மாட்டான். நாவலில் எனக்கு மனசு மிகவும் வலித்த இடம் இதுதான்.

ஹீத்கிளிஃப் நம்ம ஆளா? கறுப்பா இருந்ததாலதான் ஒதுக்கினாங்கன்னு என் பையன் சொல்றான்.

உங்கள் பையன் கவனமாகப் படித்திருக்கிறான். அவன் கறுத்த நிறம், ஜிப்சி மாதிரி இருப்பான் என்று பல இடங்களில் வருகிறது. பெரியவர் லின்டன் முதன்முதலில் அவனைப் பார்த்ததும், இது குட்டி லஸ்கரோ, அமெரிக்கா ஸ்பெயின் பக்கத்து அநாதையோ என்கிறார். கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளைத்தான் அப்போது லஸ்கர் என்பார்கள். உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாக இருக்கலாம், அம்மா இந்திய ராணியாக இருக்கலாம் என்று நெல்லியும் அவனைத் தேற்றுகிறாள். அவன் எந்த ஊர் என்பதை எமிலி கடைசி வரை சொல்லவில்லை. துறைமுக ஊரில் வாழும் நமக்கு, துறைமுகத் தெருவில் விடப்பட்ட பிள்ளை என்றதும் மனசு இளகத்தான் செய்யும்.

சின்ன வயசுல அவ்வளவு அடிச்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆவாங்க. அவனை மட்டும் குத்தம் சொல்றது நியாயமா?

காரணம் வேறு, நியாயம் வேறு. ஹிண்ட்லி அவனுக்குச் செய்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஹேர்டனும் அதே மாதிரி மிதிபட்டு வளர்ந்தான் என்று மேலே பார்த்தோம். அவன் யாரையும் அழிக்கப் போகவில்லை. அடிபட்டவன் அடிக்கத்தான் செய்வான் என்பதற்கு மறுப்பாக எமிலியே ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அப்புறம், ஹிண்ட்லிமேல் வந்த கோபம் என்று வைத்தாலும் இசபெல்லா அவனுக்கு என்ன கெடுதல் செய்தாள்? கேத்தரினின் ஒரே மகள் என்ன செய்தாள்? கேத்தரின்மேல் உயிரையே வைத்திருந்தவன், அவள் பெற்ற பிள்ளையைத்தான் அறைந்தான்.

இவன் தேவதாஸ் மாதிரிதானே? அவனுக்கு அழுதோம், இவனுக்கு மட்டும் ஏன் அழக் கூடாது?

சரத்சந்திரர் 1917இல் எழுதிய தேவதாஸும், 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படமும் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். தேவதாஸ் குடித்துத் தன்னைத்தானே அழித்துக்கொண்டான். ஹீத்கிளிஃப் குடிப்பதில்லை. தெளிந்த புத்தியோடு கணக்குப் பார்த்து, அடமானம் எழுதி வாங்கி, உயில் எழுத வைக்கிறான்.

இந்த நாவலில் தேவதாஸைத் தேடினால் அது ஹிண்ட்லிதான். ஆசை மனைவி பிரான்சஸ் பிரசவத்துக்குப் பின் நோயில் போனதும் குடிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. போதையில் கைக்குழந்தை ஹேர்டனை மாடிப்படியின் கைப்பிடிக்கு மேல் தூக்கிப் பிடித்து, கை நழுவ விட்டுவிடுகிறான். கீழே வந்துகொண்டிருந்த ஹீத்கிளிஃப் யோசிக்காமல் ஏந்திப் பிடித்துக் காப்பாற்றுகிறான். பழிவாங்கும் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று அப்புறம் அவன் முகம் சுருங்கிவிடுகிறது. தன்னை மட்டும் அழித்துக்கொள்ளும் துக்கம் என்று ஒன்று கிடையாது, பக்கத்தில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கிறது என்பதை இந்தக் காட்சியைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். இருவருக்கும் அழலாம். அழுதுகொண்டே, செய்ததைச் செய்தது என்றும் சொல்லலாம்.

நம்ம இலக்கியத்துல இந்த மாதிரி காதலுக்கு இடம் உண்டா?

உண்டு. தொல்காப்பியம் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில், நான்கைச் சொல்கிறது. அதில் ஒன்று ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’, தேற்ற முடியாத அளவுக்கு மிஞ்சிப்போன ஆசை. மடலேறுவதும் அதில் ஒன்று: பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, காதலியின் ஊர்த்தெருவில் வலம் வந்து பெண் கேட்பது. மடலேறுவேன் என்று சொல்வதைக் கவிதையாக ரசித்த நம் ஆட்கள், நிஜமாகவே ஏறியதைப் பெருந்திணையில் ஒதுக்கினார்கள். ஆசையைச் சொல்வதற்கும் அதை வைத்து ஒருத்தியை நெருக்குவதற்கும் நடுவே அவர்கள் போட்ட கோடு எனக்கு இன்றைக்கும் சரியாகப் படுகிறது.

கல்லறையைத் தோண்டினான்னு கேள்விப்பட்டேன். நிஜமாவா?

நிஜம்தான், இரண்டு முறை. கேத்தரினைப் புதைத்த அன்று ராத்திரியே பனியில் போய், சவப்பெட்டி வரை தோண்டிவிடுகிறான். மேலே யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி கேட்கிறது. அவளே பக்கத்தில் நிற்கிறாள் என்று நம்பி, மண்ணை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். அங்கே அவளைக் காணவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அவள் வருவாள் வருவாள் என்று காத்திருந்து, கண் மூடினால் வெளியே நிற்கிறாளோ என்று பதறி எழுந்து, தூக்கமே போய்விடுகிறது.

பதினெட்டு வருடம் கழித்து, எட்கருக்குக் குழி வெட்டியவனைக் கொண்டே அவள் பெட்டியைத் திறக்க வைத்து முகம் பார்க்கிறான். எட்கர் இல்லாத பக்கத்துப் பலகையைத் தளர்த்திவைத்து, தன்னையும் அங்கே புதைக்கும்போது இரண்டு பெட்டியின் பலகையையும் எடுத்துவிடச் சொல்லிக் காசு கொடுக்கிறான். 29ஆம் அத்தியாயத்தில் இதெல்லாம் அவன் வாயாலேயே வருகிறது. அவன் அனுபவித்த சித்திரவதையும் சாதாரணமானது இல்லை என்பதை இந்த அத்தியாயம் படிக்காமல் புரிந்துகொள்ள முடியாது.

அப்ப ஆவி உண்மையா?

எமிலி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் வாடகைக்கு வந்த லாக்வுட் கனவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு குழந்தையின் கை வருகிறது. கடைசியில் ஆடு மேய்க்கும் சிறுவன் இருவரையும் பார்த்ததாகச் சொல்லி அழுகிறான். நம்புவது உங்கள் விருப்பம்.

கடைசியில ஏன் திடீர்னு பழிவாங்கறதை விட்டுட்டான்?

திடீரென்று இல்லை. கேத்தியும் ஹேர்டனும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது இருவரும் தலைநிமிர்ந்து அவனைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் கேத்தரினின் கண்கள். இரண்டு வீட்டையும் இடிக்க எல்லாம் தயாராக இருக்கும்போது கூரை ஓடு ஒன்றைத் தூக்கும் ஆசையே போய்விட்டது என்று நெல்லியிடம் சொல்கிறான். மனம் திருந்தியதாக எங்கும் வரவில்லை. எந்த அநியாயமும் செய்யவில்லை என்றுதான் சாகும்வரை சொல்கிறான். பித்து அவனையே தின்று முடித்துவிட்டது. சாப்பாடு இறங்காமல் நாலு நாள் கிடந்து, திறந்த ஜன்னல் வழியாக மழை நனைக்க, படுக்கையில் இறந்து கிடக்கிறான். அவனுக்காக அழுதவன் ஹேர்டன் ஒருவன்தான்.

கேத்தியும் ஹேர்டனும் சேர்ந்தது மட்டும் நல்ல காதலா? என்ன வித்தியாசம்?

முதலில் கேத்தி அவனுடைய எழுத்தறிவின்மையைக் கேலி செய்கிறாள். அவமானத்தில் அவன் தன் புத்தகங்களை நெருப்பில் போடுகிறான். அப்புறம் அவளே தப்பை உணர்ந்து, ஒரு புத்தகத்தைத் தாளில் சுற்றி அவன் பெயர் எழுதி அனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் படிக்கச் சொல்லித் தருவேன், வேண்டாம் என்றால் இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறாள். முழு நாவலிலும் ‘வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்’ என்று ஒருவர் சொல்வது இங்கேதான் என்று நினைக்கிறேன். அதில்தான் இருக்கிறது வித்தியாசம்.

புத்தகம் பெருசா இருக்கு. படம் பார்த்தா போதாதா?

லாரன்ஸ் ஒலிவியர் நடித்த 1939ஆம் வருடப் படம் அடுத்த தலைமுறையை அப்படியே வெட்டிவிட்டது. கேத்தரினின் சாவோடு கதை முடிந்தால் அது காதல் கதையாகத்தான் தெரியும். மேலே சொன்ன அந்த மீதிப் பாதிக்காகவாவது புத்தகத்தைப் படியுங்கள்.

என் மகளுக்குப் பதினஞ்சு வயசு. ஹீத்கிளிஃப் மாதிரி ஒருத்தன் வேணும்னு சொல்றா. புத்தகத்தைப் பிடுங்கி வச்சுடவா?

பிடுங்காதீர்கள். அவளுக்குப் பிடித்திருப்பது, ஒருத்தியை அவ்வளவு தீவிரமாக ஒருவன் நினைப்பான் என்பது. அந்த ஆசையில் தப்பில்லை. 13, 14, 17 மூன்று அத்தியாயங்களையும் அவளோடு உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் அறிவுரை சொல்லாமல், ‘இசபெல்லா இடத்தில் நீ இருந்தால் யாருக்குக் கடிதம் எழுதுவாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டால் கோபப்பட வேண்டாம். அந்த ஆள் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, தப்பா நினைக்காதீங்க. பிரிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அவ எந்த ட்ரெயின்ல வருவான்னு எனக்குத் தெரியும். பேச மாட்டேன், தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிடுவேன். இதுவும் பித்தா?

தம்பி, கேட்டது நல்லது. அந்தக் காலண்டரில் சிலுவையும் புள்ளியும் போட்டவனும் அப்போது யாரையும் தொடவில்லை. நீங்கள் பேசாமல் நிற்பது உங்களுக்குக் கட்டுப்பாடாகத் தெரியலாம். தினமும் அதே பிளாட்ஃபாரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கும் அவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அவர் வரும் இடத்தில் போய் நிற்பதும் இங்கே 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். நாளைக்கே வேறு நேரத்து ரயிலுக்கு மாறுங்கள். கூடப் பயணம் செய்ய ஒரு நண்பனைக் கூப்பிடுங்கள், ஏன் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000 இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் போலீசுக்கு 999. தம்பி, அழைக்கும்போது என்னிடம் கேட்டதை அப்படியே, ட்ரெயின் விஷயத்தையும் சேர்த்து, அவர்களிடம் சொல்லுங்கள்.